மாத்திரைப் பெயர் ஊருக்கு ஊர் மாறும்: மருந்துப் பெயர்த் தரவுத்தளங்களில் தேடக் கற்றுக்கொள்ள முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியில் பல வீடுகளில் மாத்திரை டப்பாவைத் திறந்தால் இரண்டு மூன்று நாட்டு மருந்துகள் ஒன்றாகக் கிடக்கும். மெடிக்கல் கடையில் வாங்கிய அட்டை, பாரிசிலிருந்து வந்த அத்தை விட்டுப்போன பிரெஞ்சுப் பெட்டி, அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை கொடுத்தனுப்பிய ஆரஞ்சு நிறக் குப்பி. சொல்தா குடும்பங்களில் (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள்) இது இன்னும் அதிகம். கடலூர்ப் பக்கம் போனால் பிரெஞ்சுப் பெட்டி குறையும், சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்தவை கூடும். பெட்டி எந்த ஊருடையதாக இருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே சில மருந்துகள்தான். பெயர்தான் வேறு.

எங்கள் வீட்டில் இது ஒருமுறை வினையாகப் போனது. நான் அப்போது பி.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு. அப்பாவுக்குக் காய்ச்சல், உடம்பு வலி. "இது நல்லா கேக்கும்பா" என்று அத்தை டோலிப்ரான் 1000 கொடுத்தார். வேளைக்கு ஒன்றாக ஒரு நாளைக்கு மூன்று. மறுநாள் மருத்துவர் டோலோ 650 எழுதினார், அதுவும் மூன்று வேளை. அத்தை கொடுத்தது உடம்பு வலிக்கு, இது காய்ச்சலுக்கு என்று நினைத்து அப்பா இரண்டையும் போட்டுக்கொண்டார். இரண்டிலும் இருப்பது பாராசிட்டமால். 3,000 மில்லிகிராமும் 1,950 மில்லிகிராமும் சேர்ந்து ஒரு நாளைக்கு 4,950. வளர்ந்தவர்களுக்கே 24 மணி நேரத்தில் 4,000 தாண்டக் கூடாது, தாண்டினால் ஈரலுக்கு ஆபத்து. நல்லவேளையாக இரண்டாம் நாளே கவனித்து நிறுத்தினோம். ரத்தப் பரிசோதனையில் ஈரல் நன்றாக இருந்தது. பாடப்புத்தகத்தில் படித்த விஷயம் சொந்த வீட்டு டப்பாவில் இருந்தது எனக்கு இரண்டு நாள் கண்ணில் படவில்லை என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

அதன்பிறகு நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது மருந்துப் பெயர்த் தரவுத்தளங்களில் தேடுவது. இப்போது மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன், வாரத்தில் இரண்டு மூன்று பேருக்காவது இது தேவைப்படுகிறது. பார்மசி மாணவர்களும், வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். எல்லாமே இலவசம், பெரும்பாலானவற்றுக்குக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: இவை பெயரைக் கண்டுபிடிக்கத்தான். எவ்வளவு சாப்பிடலாம், நிறுத்தலாமா, மாற்றலாமா என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

தேடும் முன்: அட்டையைப் படியுங்கள்

பெரும்பாலான தவறுகள் இணையதளத்தைத் திறக்கும் முன்பே நடந்துவிடுகின்றன. கம்பெனிப் பெயரை மட்டும் பார்த்துத் தேடப் போவதுதான் காரணம். அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும், "ஒவ்வொரு மாத்திரையிலும் அடங்கியது" என்று ஆங்கிலத்தில் தொடங்கும். அதில் வரும் பெயர்தான் மூலப்பெயர். பெயருக்குப் பின்னால் ஐபி என்று இருந்தால் அது இந்திய மருந்துத் தரநூலைக் குறிப்பது. பெயரில் அது சேராது, தேடும்போது விட்டுவிடுங்கள்.

ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: மூலப்பெயர், அளவு, வடிவம் (மாத்திரையா, கேப்சூலா, சிரப்பா), அப்புறம் மெதுவாகக் கரையும் வகையா என்பது. நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர், பிரெஞ்சுப் பெட்டியில் எல்பி: எல்லாம் மருந்து பல மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும் என்பதைச் சொல்பவை. அதே பெயர், அதே 500 என்றாலும் சாதாரண மாத்திரையும் இதுவும் ஒன்றல்ல.

அளவை எழுதும்போது அந்த எண் எதனுடைய எடை என்று பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கான ஆம்லோடிபின் அட்டையில் "ஆம்லோடிபின் பெசிலேட், ஆம்லோடிபின் 5 மில்லிகிராமுக்குச் சமம்" என்று இருக்கும். அதாவது 5 என்பது உப்பை (மருந்தோடு சேர்ந்திருக்கும் பெசிலேட் போன்ற பகுதியை) கழித்த மருந்தின் எடை. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் அட்டையில் "மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு 500 மில்லிகிராம்" என்று இருக்கும். அங்கே 500 உப்பையும் சேர்த்து. இந்த வித்தியாசம் பிறகு ஓர் இடத்தில் பெரிதாக வரும், நினைவில் வையுங்கள்.

எழுத்து அழிந்துபோன அட்டை என்றால், அதிகம் விற்கும் 300 பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் முதல் கியூஆர் குறியீடு கட்டாயம் ஆகியிருக்கிறது. போனில் ஸ்கேன் செய்தால் மூலப்பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் வரும்.

முதல் தேடல்: ஆர்எக்ஸ்நேவ்

அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் ஆர்எக்ஸ்நார்ம் என்ற மருந்துப் பெயர்த் தொகுப்பை நடத்துகிறது. அந்நாட்டு மருத்துவமனை, மருந்துக்கடை, காப்பீட்டுக் கணினிகள் ஒரே மருந்தைப் பத்து விதமாக எழுதிக் குழம்பாமல் இருக்க உண்டாக்கியது. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை முழு வெளியீடு வரும், வாரம் ஒருமுறை புதியவை சேரும். அதைத் தேடிப் பார்ப்பதற்கான பக்கம்தான் ஆர்எக்ஸ்நேவ். கூகுளில் இந்தப் பெயரை ஆங்கிலத்தில் தட்டினால் முதலில் வருவது அதுவாகத்தான் இருக்கும், முகவரி நூலகத்தின் அரசுத் தளமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போனைவிடக் கணினியில் வசதி.

தேடல் பெட்டியில் மெட்ஃபார்மின் என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம், அளவும் வேண்டாம், மூலப்பெயர் மட்டும். பல கட்டங்கள் வரும், ஒவ்வொன்றிலும் ஒரு வகைப் பெயர்கள். மேலே மெட்ஃபார்மினுக்கு உரிய எண் 6809 தெரியும். இது அந்த மூலப்பொருளுக்கான அடையாள எண். பெயரை யார் எப்படி எழுதினாலும் இந்த எண் ஒன்றுதான். பாராசிட்டமாலுக்கு 161, ஆஸ்பிரினுக்கு 1191, ஆம்லோடிபினுக்கு 17767.

முதல்முறை பார்ப்பவர்கள் கட்டங்களைக் கண்டு மிரண்டு மூடிவிடுகிறார்கள். அதை ஒரு வம்சாவளி மாதிரிப் பாருங்கள். ஒரு கட்டத்தில் மூலப்பொருள், அதுதான் தாத்தா. இன்னொன்றில் பிராண்டுப் பெயர்கள். வேறொன்றில் மூலப்பொருளும் அளவும் வடிவமும் சேர்ந்த முழுப்பெயர்: "மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு 500 மில்லிகிராம் வாய்வழி மாத்திரை". அதற்குப் பக்கத்தில் அதே முழுப்பெயர், கடைசியில் சதுர அடைப்புக்குள் பிராண்டுப் பெயரோடு. எந்தப் பெயரைச் சொடுக்கினாலும் அது நடுவுக்கு வந்து, அதன் உறவுகள் மட்டும் சுற்றி நிற்கும். மாத்திரை ஒன்றைச் சொடுக்குங்கள், அதன் மூலப்பொருள் தெரியும். அந்த மூலப்பொருளைச் சொடுக்கினால் அது இருக்கும் கூட்டு மாத்திரைகள் உட்பட எல்லாம் வரும். இப்படி ஏறி இறங்கிப் பழகுவதுதான் மொத்தப் பாடமும். அரைமணி நேரம் உங்கள் வீட்டு மருந்துகளை வைத்தே செய்து பாருங்கள், விளக்கம் படிப்பதைவிட வேகமாகப் பிடிபடும்.

அமெரிக்கக் குப்பியின் லேபிளில் என்டிசி என்ற எண் (அந்நாட்டு மருந்துகளுக்கான அடையாள எண்) இருந்தால் அதை அப்படியே தட்டலாம். நேராக முழுப்பெயரில் கொண்டுபோய் நிறுத்தும்.

பெயர் கிடைக்கவில்லை என்றால்

நாம் படித்த பெயரும் அமெரிக்கர் சொல்லும் பெயரும் சில மருந்துகளில் வேறு. பாராசிட்டமாலை அவர்கள் அசிட்டமினோஃபென் என்பார்கள். ஆஸ்துமா இன்ஹேலரில் இருக்கும் சால்பூட்டமால் அங்கே அல்பியூட்டரால். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அங்கே ரிஃபாம்பின். சர்க்கரைக்கான கிளிபென்கிளமைடு அங்கே கிளைபுரைடு. வலி ஊசி பெத்திடின் அங்கே மெபெரிடின். ஆர்எக்ஸ்நார்மில் மாற்றுப்பெயர்களும் சேர்க்கப்பட்டிருப்பதால் பாராசிட்டமால் என்று தட்டினாலும் 161க்கே போகும். ஆனால் அதன்பின் திரையில் எல்லாமே அசிட்டமினோஃபென் என்றுதான் இருக்கும். தப்பான பக்கம் என்று நினைத்துத் திரும்பி வந்துவிடாதீர்கள்.

டோலோ, எக்கோஸ்பிரின், கிளைகோமெட் போன்ற நம்மூர்ப் பிராண்டுகளை அதில் தேடாதீர்கள். அது அமெரிக்கச் சந்தைக்கான தொகுப்பு. பெயர் இல்லாவிட்டால் எழுத்து ஒத்த வேறு பெயர்களைக் காட்டும், அங்கேதான் பெரிய ஆபத்து. எழுத்து ஒத்திருந்தால் மருந்து ஒத்திருக்காது. கார்பமசெபின் வலிப்புக்கு, கார்பிமசோல் தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்கு. ஹைட்ரலசின் ரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்ஸிசின் அரிப்புக்கு. கணினி தரும் பரிந்துரையைச் சொடுக்கும் முன் கையில் இருக்கும் அட்டையோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து வேறாக இருந்தாலும் அதை விட்டுவிட்டு, அட்டையை எடுத்துக்கொண்டு மருந்தாளுநரிடம் போங்கள். நான் மாணவர்களிடம் வற்புறுத்துவது இந்த ஒரே விஷயத்தைத்தான்.

அளவு எழுதும் முறையும் மாறும். ஆர்எக்ஸ்நார்ம் மைக்ரோகிராமையும் மில்லிகிராமாக மாற்றியே எழுதும். நம் அட்டையில் 100 மைக்ரோகிராம் என்றிருக்கும் தைராய்டு மாத்திரை அங்கே 0.1 மில்லிகிராம். புள்ளியைக் கவனிக்காமல் விட்டால் பத்து மடங்கு தப்பு வரும். சிரப்பை ஒரு மில்லிக்கு எவ்வளவு என்றுதான் சொல்லும். நம் பாட்டிலில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் என்றால் அங்கே மில்லிக்கு 50. குழந்தைகளுக்கான 5 மில்லிக்கு 120 என்பது மில்லிக்கு 24. ஐந்தால் வகுத்துவிட்டுத் தேடுங்கள்.

கூட்டு மாத்திரை என்றால் மூலப்பெயர்களை அகர வரிசையில் சாய்கோடு போட்டு எழுதியிருப்பார்கள். "ஆம்லோடிபின் 5 / டெல்மிசார்ட்டான் 40" என்பது போல. நம் அட்டையில் டெல்மிசார்ட்டான் முன்னால் இருந்தால் குழம்ப வேண்டாம். அமெரிக்காவில் விற்காத கூட்டு என்றால் ஒவ்வொரு மூலப்பெயரையும் தனித்தனியாகத் தேடிக்கொள்ளுங்கள்.

பெயரே தெரியாமல் உலவுவது: ஏடிசி வகைப்பாடு

"இது என்ன வகை மருந்து?" என்ற கேள்விக்கு ஏடிசி நல்லது. நார்வேயின் ஓஸ்லோவில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையம் இதை நடத்துகிறது. மருந்துகளை முதலில் உடல் உறுப்பு வாரியாக 14 பெரும் பிரிவாகப் பிரித்து, அதையும் சேர்த்து மொத்தம் ஐந்து படியாக இறங்குகிறார்கள். மெட்ஃபார்மினுக்கு எப்படி என்று பாருங்கள். ஏ என்றால் செரிமானமும் வளர்சிதை மாற்றமும். ஏ10 நீரிழிவு மருந்துகள். ஏ10பி இன்சுலின் அல்லாதவை. ஏ10பிஏ பைகுவனைடுகள் என்ற வேதிக் குடும்பம். ஏ10பிஏ02 மெட்ஃபார்மின். மேலிருந்து ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டே இறங்கலாம், கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக எட்டிப் பார்ப்பது போல. அமெரிக்காவில் அங்கீகாரம் இல்லாத, நம் ஊரில் மூட்டு வலிக்கு அட்டை அட்டையாக விற்கும் அசிக்ளோஃபெனாக் இங்கே எம்01ஏபி16 என்று தன் இடத்தில் இருக்கும். நம் நாட்டு மருந்துகளுக்கு இதைத்தான் நான் முதலில் திறப்பேன்.

ஒரே மருந்துக்கு இரண்டு வீடு இருக்கலாம். ஆஸ்பிரின் வலி நிவாரணியாக என்02பிஏ01, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும்போது பி01ஏசி06. இதயத்துக்காக 75 மில்லிகிராம் சாப்பிடும் பெரியவர் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்பது இதில் விளங்கும். "நான் வலி மாத்திரை எதுவும் சாப்பிடவில்லையே" என்று அவர் சொல்வது ஏன் என்பதும் விளங்கும்.

இந்தப் பக்கத்தில் டிடிடி என்று ஓர் எண் இருக்கும். மெட்ஃபார்மினுக்கு 2 கிராம், பாராசிட்டமாலுக்கு 3 கிராம். இது ஒரு நாட்டில் எவ்வளவு மருந்து செலவாகிறது என்று கணக்கிடப் பயன்படும் அளவுகோல். யாருக்கும் எழுதித் தரும் அளவல்ல. இதைப் பார்த்து மாத்திரை கூட்டிக் குறைக்கவே கூடாது.

பெயரின் வாலைப் பார்த்தும் குடும்பத்தை ஊகிக்கலாம். டிபின் என்று முடிந்தால் ஆம்லோடிபின் குடும்பம், சார்ட்டான் என்றால் டெல்மிசார்ட்டான் குடும்பம், ஓலால் என்றால் அட்டனோலால் குடும்பம். ஆனால் பாதி வாலைப் பிடித்தால் ஏமாறுவோம். கொழுப்புக் குறைக்கும் மருந்துகளின் வால் "வாஸ்டாட்டின்", வெறும் "ஸ்டாட்டின்" இல்லை. நிஸ்டாட்டின் பூஞ்சைக்கான மருந்து. பான்டோபிரசோல் அமிலத்துக்கு, அரிபிபிரசோல் மனநோய்க்கு. ஊகித்ததைத் தரவுத்தளத்தில் ஒருமுறை சரிபார்த்த பிறகே நம்புங்கள்.

ஆர்எக்ஸ்நேவிலும் ஆர்எக்ஸ்கிளாஸ் என்ற பகுதி இருக்கிறது. ஏடிசி மரத்தை அங்கிருந்தே விரிக்கலாம். பழைய வழிகாட்டிகளில் இரண்டு மருந்துகள் ஒன்றுக்கொன்று மோதுமா என்று பார்க்கும் வசதியைச் சொல்லியிருப்பார்கள். அதை 2024 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள், தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பிரெஞ்சுப் பெட்டி

நம் ஊருக்கே உரிய பகுதி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிரான்ஸ் அரசு 2013 அக்டோபரிலிருந்து ஒரு பொது மருந்துத் தரவுத்தளம் வைத்திருக்கிறது. பெட்டியின் பெயராலும் தேடலாம், மூலப்பொருளாலும் தேடலாம். பிரெஞ்சில்தான் இருக்கும். ஆனால் அலியான்ஸ் பிரான்சேஸில் படித்திருக்க வேண்டியதில்லை, உலாவியின் மொழிபெயர்ப்பு வசதியே போதும். மருந்தின் பக்கத்தில் மூன்று பிரிவு கிடைக்கும்: சுருக்கத் தகவல், மருத்துவர்களுக்கான விவரம், நோயாளிக்கான துண்டறிக்கை. சுருக்கத் தகவலில் முதலில் மூலப்பொருள் வரியைத் தேடுங்கள்.

பெட்டியில் பிராண்டுப் பெயருக்குக் கீழே மூலப்பெயர் இருக்கும். எழுத்துக்கு மேல் உள்ள கோடுகளை விட்டு, கடைசியில் வரும் கூடுதல் எழுத்தையும் எடுத்துவிட்டால் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த பெயர்தான். மெட்ஃபார்மீன் மெட்ஃபார்மின் ஆகிவிடும். ஆஸ்பிரின் மட்டும் அசிட் அசெட்டில்சாலிசிலிக் என்று வேடம் மாறி வரும். வடிவத்தில் கோம்ப்ரிமே என்றால் மாத்திரை, ழெலூல் என்றால் கேப்சூல், கொலீர் என்றால் கண் சொட்டு மருந்து. சுப்போசிட்டுவார் என்றால் ஆசனவாயில் வைப்பது, அதை மாத்திரை என்று நினைத்து விழுங்கப் பார்த்தவரை நான் பார்த்திருக்கிறேன். செக்காபிள் என்று சேர்ந்திருந்தால் பாதியாக உடைக்கலாம்.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன உப்புக் கணக்கு இங்கே வருகிறது. பிரான்சில் ஸ்டாஜித் 700 என்று ஒரு சர்க்கரை மாத்திரை உண்டு, மெட்ஃபார்மின் எம்போனேட் என்ற உப்பு. நம் கடையில் கிடைப்பது மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு 500. 700தான் பெரியது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த 700இல் இருக்கும் மெட்ஃபார்மின் 280 மில்லிகிராம், நம் 500இல் இருப்பது 390. எண் பெரிதாக இருக்கும் மாத்திரையில் மருந்து குறைவு! விடுமுறையில் வந்து, மாத்திரை தீர்ந்து, "இதே மாதிரி குடுங்க" என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு வரியைப் பார்க்காமல் கொடுக்க முடியாது. மருத்துவரிடம் காட்டித்தான் மாற்ற வேண்டும்.

கார்தேஜிக் 75 என்ற பொடியும் அப்படித்தான். பாக்கெட்டில் ஆஸ்பிரினின் லைசின் உப்பு 135 மில்லிகிராம் என்றிருக்கும், அது ஆஸ்பிரின் 75க்குச் சமம். வீட்டில் ஏற்கெனவே எக்கோஸ்பிரின் 75 (இதுவும் ஆஸ்பிரின்தான்) சாப்பிடுபவர் இதையும் கரைத்துக் குடித்தால் ஒரே மருந்தை இரண்டு முறை எடுத்ததாகும்.

இந்தியத் தேடல்

மக்கள் மருந்தகத்துக்கான ஜன் ஔஷதி சுகம் செயலியில் மூலப்பெயரைத் தட்டினால் விலையும் அருகில் உள்ள கடையும் தெரியும். மூலப்பெயரைப் பிடித்துவிட்டால் பணமும் மிச்சம். மருத்துவப் பதிவு மென்பொருளில் வேலை செய்பவர்கள், புனேயில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கில் உள்ள தேசிய மையம் வெளியிடும் இந்தியப் பொது மருந்துக் குறியீடுகளைப் பாருங்கள். ஸ்னோமெட் என்ற பன்னாட்டு மருத்துவச் சொல் தொகுப்பின் முறையில் அமைந்தது, இந்தியா 2014இலேயே அதில் உறுப்பினர். வீட்டுத் தேவைக்கு அது வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு தாள்

தேடியதை எழுதி வைக்காவிட்டால் அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். ஒரு தாளில் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வரி: மூலப்பெயர், அளவு, எந்த உப்பு, வடிவம், மெதுவாகக் கரையுமா, வீட்டில் இருக்கும் எல்லாப் பிராண்டுப் பெயர்களும், எதற்காகச் சாப்பிடுகிறார், யார் எழுதியது. மூலப்பெயரை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒரே மூலப்பெயர் இரண்டு வரியில் வந்தால் சிவப்பில் வட்டமிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். தாளைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கோரிமேடு ஜிப்மருக்குப் போனாலும் கடலூர் அரசு மருத்துவமனைக்குப் போனாலும், "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் "வெள்ளையா, சின்னதா ஒண்ணு" என்று தேட வேண்டியிருக்காது.

அப்பாவின் தாள் பீரோ கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது, ஐந்து வரி. இந்த முறை அத்தை பாரிசிலிருந்து கிளம்பும் முன் ஏழு பெட்டிகளின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். நான்கு, தாளில் ஏற்கெனவே இருப்பவை. அவற்றை அப்பாவுக்காக எடுத்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.